வால் ஏன் கீழே தள்ளுகிறது?

பொறியியல் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “ரேடியோவில் இயக்கும் சிறிய மின் விமானம் ஒன்றை நானே வடிவமைத்துக் கட்டினேன். மோட்டார் நன்றாக இழுக்கிறது. ஆனால் கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று, விழுந்துவிடுகிறது. இறக்கை போதவில்லையா?”

இறக்கை தாராளமாகப் போதும். அவர் தந்த அளவுகளின்படி அதன் நீளம் 1 மீட்டர், அகலம் 18 சென்டிமீட்டர். விமானத்தின் மொத்த எடை 600 கிராம். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது தெரிந்ததே. கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்திலேயே இந்த இறக்கை எடையைத் தாங்கிவிடும். பிரஷ்லெஸ் மோட்டார், கட்டுப்பாட்டுத் தகடுகளை அசைக்கும் செர்வோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிசீவர், லித்தியம் பாலிமர் பேட்டரி ஆகியவற்றை இணைப்பதிலும் சிரமம் இல்லை. எடை எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்பதில்தான் கோளாறு.

பறக்கும் விமானத்தின் மூக்கை ஒரு காற்று வீச்சு சற்றே தூக்குகிறது என்று வையுங்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது, தூக்குவிசையும் கூடுகிறது. கூடிய இந்த விசை, முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குத் தொலைவில் செயல்படும். அதே கணத்தில் வாலின் கோணமும் கூடுவதால் அங்கேயும் மேல்நோக்கிய விசை சேர்கிறது. வால் சிறியதுதான், ஆனால் வெகு பின்னால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால், அந்தப் புள்ளி கால் பங்கைத் தாண்டிப் பின்னே போய்விடும். இதுவே நடுநிலைப் புள்ளி. ஈர்ப்பு மையம் இதற்கு முன்னால் இருந்தால், கூடிய விசை விமானத்தின் பின்பகுதியைத் தூக்கும். மூக்கு தானாகத் தாழும். பின்னால் இருந்தாலோ மூக்கு ஏறும், ஏற ஏற விசையும் கூடும், கடைசியில் கோணம் மிஞ்சி இறக்கை தூக்குவிசையை இழக்கும்; இதுதான் ஸ்டால். மாணவியின் விமானத்துக்கு நேர்ந்தது இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. முன்பக்கம் கனமான விமானம் குப்புற விழாமல் இருக்க, வால் ஓயாமல் கீழே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் (மூக்கு ஏறும்போது வாலில் சேரும் மேல்நோக்கிய விசை இந்தத் தள்ளலைக் குறைக்கிறது, அவ்வளவே). அதற்காகவே வாலை இறக்கையைவிட ஓரிரு டிகிரி தாழ்ந்த கோணத்தில் ஒட்டுகிறோம். வேகம் குறைந்தால் வாலின் தள்ளலும் குறையும்; மூக்கு தாழ்ந்து, விமானம் சரிந்து, வேகம் திரும்பக் கிடைக்கும். வேகம் மிஞ்சினால் தள்ளலும் வலுத்து மூக்கு நிமிரும். உணரி இல்லை, நிரல் இல்லை; தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும் வேலையை ஒட்டிய இரண்டு தகடுகளின் கோணமே செய்கிறது! பிரெஞ்சு விமானவியல் முன்னோடி அல்ஃபோன்ஸ் பெனோ 1871-இல் பாரிஸின் துய்லரி பூங்காவில் பறக்கவிட்ட ரப்பர் விசை மாதிரி விமானத்தில் இருந்ததும் இதே ஏற்பாடுதான்.

இன்று விமானத்தின் சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கைரோ கருவி ஒன்றை வைத்துத் தடுமாற்றத்தை மறைத்துவிட முடியும். முதல் விமானத்தில் அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தவறான சமநிலையைக் கருவி மூடிவிட்டால், இறக்கை என்ன செய்கிறது என்பதை மாணவர் அறியாமலே போவார்.

ஈர்ப்பு மையத்தை முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் வையுங்கள். 18 சென்டிமீட்டர் இறக்கைக்கு இது சுமார் 5 சென்டிமீட்டர். அந்த இடத்தில் இரு விரல்களால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். கனமான உறுப்பு பேட்டரி என்பதால், அது முன்னும் பின்னும் நகர நீளமான அறை விட்டுக் கட்டுவது நல்லது. பறக்கத் தொடங்கிய பின் நல்ல உயரத்தில் ஒரு சோதனை செய்யலாம். மோட்டாரைக் குறைத்து, மூக்கைச் சற்றே தாழ்த்திவிட்டு ரேடியோவின் கட்டுப்பாட்டுக் குச்சியை விடுங்கள். விமானம் வெடுக்கென்று நிமிர்ந்தால் முன்கனம் அதிகம். பேட்டரியைக் கொஞ்சம் பின்னே தள்ளலாம். மெல்ல நிமிர்ந்தால் சரி. மேலும் மேலும் செங்குத்தாகச் சரிந்தால் உடனே எலிவேட்டரால் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) மீட்டு இறக்கி, பேட்டரியை முன்னே நகர்த்திய பிறகே மறுபடி பறக்கவிட வேண்டும்.