எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கோத்தகிரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தேர்தல் முடிந்து மாதங்கள் ஓடிய பிறகும் அந்தக் கசப்போடு வருகிறவர்கள் உண்டு. அப்பா விட்டுப்போன தேயிலையைப் பங்கு போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி பேசுவதில்லை, மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை, என்னவென்று கேட்டால் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு பதிவு.

கட்சிக்காகக் கோபப்படுவதை நான் நோய் என்று சொல்லமாட்டேன். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத ஊரில் அரசியல் பேசாமல் எப்படி இருப்பது? நான் கவனிப்பது வேறு. எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் சாவு என்றதும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்கிறதா? 'அதுங்களுக்கெல்லாம் எங்கே மேடம் வலிக்கப்போகுது' என்று வாயில் வருகிறதா? அது கோபம் இல்லை, அதைவிட மோசம்: அடுத்தவரை மனிதராகவே பார்க்காமல் போவது.

1975இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய ஆய்வில், தப்பு செய்கிறவர்களுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் வேலை மாணவர்களுக்கு. அதிர்ச்சி உண்மையில் யாருக்கும் போகாது, அது அவர்களுக்குத் தெரியாது. அதிர்ச்சி வாங்கப்போகிற குழுவினர் மிருகங்கள் மாதிரி என்று ஒருவர் சொல்வது காதில் விழுந்தவர்கள், அப்படிக் கேட்காதவர்களைவிடக் கடுமையான அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரே ஒரு பேச்சு, அவ்வளவுதான்! நம் கைப்பேசியில் அந்தப் பேச்சு விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் துட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சி என்று வானொலியே சொல்லிக்கொண்டிருந்தது. 1994இல் சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், வெட்டியவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

சரி, திரும்பி வர வழி உண்டா? உண்டு. வீடற்றவர்கள், போதைக்கு அடிமையானவர்கள் படங்களைக் காட்டும்போது, அடுத்தவர் மனசை யோசிக்க உதவும் மூளைப்பகுதி மந்தமாகிவிடுவதை லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் கண்டார்கள். அடுத்த ஆய்வில், 'இவருக்கு இந்தக் காய் பிடிக்குமா?' என்று கேட்டதும் அந்தப் பகுதி மறுபடி இயங்கியது. இதைத்தான் நானும் கேட்கிறேன்: நீங்கள் வெறுக்கிற அந்த ஆளுக்குக் கேரட் பிடிக்குமா, பிள்ளை என்ன படிக்கிறது, ராத்திரி எதை நினைத்துத் தூக்கம் கெடும்? முதலில் எரிச்சல்படுவார்கள். அப்புறம் பதில் வரும், ஒரே ஃபேக்டரிக்கு இலை போடுகிறவர்கள்தானே.

இன்னொன்று. அமெரிக்காவில் 2020இல் வந்த ஓர் ஆய்வில், எதிர்த்தரப்பு தங்களை எவ்வளவு மட்டமாக நினைக்கிறது என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஊகித்தது, உள்ளதைப்போல் சுமார் இரண்டு மடங்கு.

குழுவில் சாவுச் செய்திக்கு யாராவது சிரிப்புப் பொம்மை போட்டால், அவர் உங்கள் கட்சி என்றாலும் 'இது வேண்டாம் அண்ணா' என்று அங்கேயே எழுதுங்கள். தூக்கம் கெடும் அளவுக்கு வெறுப்பு ஏறியிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.