ஸ்பூஃப்: ஏய்ப்பிலிருந்து பகடிக்கு

அக்காள் மகன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். “வங்கியிலேர்ந்து வந்த மெசேஜ்ல ‘ஸ்பூஃபிங் அழைப்புகளை நம்பாதீர்கள்’னு இருக்கு. சினிமா விமர்சனத்துல ‘ஸ்பூஃப் படம்’னு எழுதுதாங்க. ரெண்டும் ஒண்ணுதானா மாமா?”

ஒன்றுதான். 1880களில் இங்கிலாந்தில் ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் ஒரு விளையாட்டை உண்டாக்கி, அதற்கு ‘ஸ்பூஃப்’ என்று பெயர் வைத்தார். அவராகவே புனைந்த சொல். எதிராளியை ஏய்ப்பதுதான் ஆட்டம் என்பதால் சொல்லுக்கும் முதலில் ஏய்ப்பு என்ற பொருள்தான். அப்புறம் அது மெல்ல இளகி, ஒரு கதைவகையின் வேடத்தையே போட்டுக்கொண்டு அந்த வகையைச் சிரிப்புக்கு இழுப்பதைக் குறிக்கத் தொடங்கியது. செல்போன் காலத்தில் பழைய பொருளுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. வேறொருவர் எண்ணிலிருந்து வருவதுபோல் காட்டி அழைக்கிறார்களே, அது சுத்தமான ஏய்ப்பு.

இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் ‘பாரடி’. கிரேக்கத்திலிருந்து வந்தது. பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடும் எதிர்ப்பாட்டு என்பது வேர்ப்பொருள். பாரடி ஒரு குறிப்பிட்ட பாட்டையோ கதையையோ பிடித்துக்கொள்ளும். ஸ்பூஃப் பெரும்பாலும் ஒரு வகையையே பிடிக்கும்.

பாரடிக்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், ‘நல்லதம்பி’ (1949) படத்தில் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபம்தான் அது. நந்தனார் சரித்திரத்தின் சட்டகம் அப்படியே இருக்கும். நந்தனாருக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனாருக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. மூலக்கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு இரட்டிப்பாகும்.

ஸ்பூஃபுக்கு நான் காட்டுவது 1924இல் பஸ்டர் கீட்டன் எடுத்த ‘ஷெர்லாக் ஜூனியர்’. தியேட்டரில் படம் ஓட்டும் ஒருவனுக்குத் துப்பறிவாளனாக ஆசை. புத்தகத்தைப் பார்த்துப் பாடம் படிக்கிறான். காதலியின் அப்பாவுடைய கடிகாரம் காணாமல்போக, பழி இவன்மேல் விழுகிறது. வேலை நேரத்தில் தூங்கிப்போனவன், கனவில் எழுந்து நடந்து திரைக்குள்ளேயே புகுந்துவிடுகிறான். உள்ளே போனதும் காட்சிகள் வெட்டி வெட்டி மாறுகின்றன. உட்காரப் போகும்போது பெஞ்சு மறைந்து தெரு வருகிறது. அடுத்து மலை விளிம்பு, சிங்கங்கள், கடல் நடுவே பாறை, பனி. இவன் மட்டும் மாறாமல் விழுந்து விழுந்து எழுகிறான். ‘கட்’ என்று நாம் கவனிக்காமலே கடந்துபோகும் உத்தி எத்தனை விசித்திரமானது என்பது அப்போதுதான் உறைக்கும். துப்பறியும் கதையைக் கிண்டல் செய்யத் தொடங்கிய படம், சினிமா எடுக்கும் விதத்தையே கிண்டல் செய்யப் போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு: நிஜத்தில் திருடன் யாரென்று கண்டுபிடிப்பது இவன் இல்லை, காதலிதான்!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அங்கதம்’ தொல்காப்பியச் சொல். செய்யுளியல் அதை இரண்டாகப் பிரித்து, வெளிப்படையாகச் சொல்வதை வசை என்றும், மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு என்றும் கூறுகிறது. இரண்டிலும் குற்றம் காணும் கண் இருக்கிறது. ஸ்பூஃபில் கோபத்தைவிடப் பாசமே அதிகம் என்பதால் எனக்கு இது பொருந்தவில்லை. ‘நையாண்டி’ என்றால் குமரி மாவட்டத்துக்காரர் காதில் முதலில் விழுவது கோயில் கொடைவிழாவில் அடிக்கும் நையாண்டி மேளம். விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் கிண்டல் செய்வதற்குக் ‘களியாக்குதல்’ என்று அருமையான சொல் இருக்கிறது. “என்னடே, களியாக்குதியா?” என்று கேட்டால் போதும், பொருள் முழுதாக வந்துவிடும். ஆனால் அதை வைத்து ஒரு படவகைக்குப் பெயர் அமைப்பது கடினம்.

‘பகடி’தான் என் தேர்வு. பரிகாசம், விகடம் என்று பொருள். ஈழத்தில் ‘பகிடி’ என்று இன்றும் அன்றாடம் புழங்குகிறது. சொல்லில் நஞ்சில்லை, ‘பகடிப் படம்’ என்று எளிதாகச் சேரவும் செய்கிறது.

கீட்டன் படம்போலத் தன்னைத் தானே சிரிக்கும் வகைக்குத் தற்புகழ்ச்சி, தற்பெருமை போல ‘தற்பகடி’ என்று சொல்லலாம். இந்தக் குணம் நமக்குப் புதிதல்ல. எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில், ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் இரண்டும் உள்ளே வந்து, ஊர்ப்பேச்சில் விகடம் செய்யும். கதைக்குள் இருந்துகொண்டே கதையை விட்டு வெளியே எட்டிப்பார்க்கும் அந்த இருவரையும் நினைத்துத்தான் ‘தற்பகடி’யைத் துணிந்து சொல்கிறேன்.

மருமகனுடைய வங்கி மெசேஜுக்கு ‘போலியழைப்பு’ போதும். அங்கே பகடிக்கு வேலையில்லை.