ஜீப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கடல்

2017இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கும்வரை, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் ரோடு கிடையாது. மணலிலும் கடல் தண்ணீரிலும் இறங்கி ஓடும் வேன்களும் ஜீப்புகளும்தான் தனுஷ்கோடிக்கு ஆளேற்றின. அந்த வண்டிகளில் மேலே பெயிண்ட் பளபளக்கும், குனிந்து பார்த்தால் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், பொரைபோல உதிரும். இந்தக் கரையில் நின்ற ஜீப்பை மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் லடாக் வரை ஓட்ட நினைத்தால், எஞ்சினுக்கு முன்பு அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

துரு பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் போதும். உப்பு அதை விரட்டி வேலை வாங்குகிறது. துருப்பிடிப்பது ஒரு குட்டி பேட்டரி ஓடுவதைப் போன்றது. உப்புக் கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் பேட்டரி வேகமாக ஓடுகிறது. அதோடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். அடைமழை நாளில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் முன்னதாகவே ஈரம் இழுக்கும். ஆகவே பாம்பனில் இரவு நிறுத்திய வண்டி, மழையே இல்லாமல் நனைந்து நிற்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் உண்டு. ஜீப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எந்த இடம் முதலில் அரிக்கும் என்பதுதான் வேடிக்கை. காற்றுபடும் இடம் என்று நினைப்போம். ஆனால், சேஸில் மண் அப்பிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு, பக்கத்தில் நனைந்த வெளிப்பரப்பில் அதிகம். இந்த வித்தியாசத்தாலேயே பேட்டரி ஓடத் தொடங்கும். ஆக்சிஜன் குறைந்த பக்கத்து இரும்புதான் கரையும். மண்ணுக்கு அடியில், பட்டை ஸ்பிரிங்கின் இடுக்கில், போல்ட் தலைக்குக் கீழே என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களே முதலில் போகின்றன.

இது புரியாமல் நானே ஒருமுறை துருவின் மேல் வண்டியின் அடிப்பக்கத்துக்குப் பூசும் கறுப்பு அண்டர்கோட்டிங்கை அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடி போட்டதுதான் மிச்சம். அடுத்த வருடம் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது.

சின்னச் சுத்தியலால் சேஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'கிண்'ணென்று பேசும், அரித்தது 'தொப்'பென்னும். பெட்டிபோல மூடிய சேஸ் என்றால் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மணல் அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். வெல்டிங் வைப்பதானால் அரித்ததை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்த பிறகுதான். மெலிந்த தகட்டின்மேல் ஒட்டுப்போட்டால் அது அப்பளத்தில் போட்ட தையல்.

சேஸில் பேட்டரியின் எர்த் வயர் பிடிக்கும் இடத்தையும் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். பாதி ஸ்டார்டிங் கோளாறு அங்கேதான்.

அப்புறம் பிரேக் ஆயில். அதுவும் உப்பைப் போலக் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 வகை என்றால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிக் குழாய்க்குள் ஆவி உண்டானால், மிதிக்கிற அழுத்தம் ஆவியைச் சுருக்குவதோடு நின்றுவிடும், சக்கரத்துக்குப் போகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வருடம் கிடந்த ஆயிலோடு ரோதாங் கணவாயில் இறங்குவது வேண்டாத விளையாட்டு.

சரி, இதற்கெல்லாம் முதல் வேலை கழுவுவது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் கரையோரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் வருவதே உப்புத் தண்ணீர். அதில் வாட்டர் சர்வீஸ் செய்தால் கடலில் முக்கி எடுத்த மாதிரிதான். வாளியில் ஒரு விரல் விட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால், மதுரைப் பக்கம் போய் நல்ல தண்ணீரில் அடித்துக்கொள்ளலாம்.