ராக்கெட் விடுகிறோம், ஜெட் எஞ்சின் மட்டும் ஏன் இழுத்தடிக்கிறது?

மெக்கானிக்கல் படிக்கும் வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். "நிலவில் சந்திரயானை இறக்கிய நாட்டால் ஒரு போர் விமானத்துக்கு எஞ்சின் செய்ய முடியாதா? வெளிநாட்டு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டு அப்படியே காப்பி அடித்தால்தான் என்ன?"

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் தயாராகும் தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்களுக்காக 2021-இல் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்த 99 எஃப்404 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. எஞ்சின் வராவிட்டால் விமானம் ஹேங்கரில் நிற்க வேண்டியதுதான்.

முதலில் ராக்கெட். இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட்டில் இருக்கும், கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் ஒரு பயணத்தில் பத்துப் பதினோரு நிமிடம் எரியும். உள்ளே வெப்பம் பயங்கரமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்த பிறகு அந்த எஞ்சின் என்ன ஆனாலும் யாருக்கும் கவலை இல்லை. ஜெட் எஞ்சின் இன்று எரிந்து, நாளையும் எரிந்து, பல ஆயிரம் மணி நேரம் அதே அளவில், அதே வடிவத்தில் இருக்க வேண்டும். வெப்பத்தோடு நேரமும் சேரும்போது உலோகம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மொத்தச் சிக்கலும் அங்கேதான்.

ஜெட் எஞ்சின் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்னால் காற்றை உறிஞ்சி, அமுக்கி, எரிபொருள் கலந்து எரித்து, பின்னால் தள்ளுகிறது. அப்படி வெளியேறும் வாயு போகிற வழியில், காற்றாடிபோல் பிளேடுகள் கொண்ட ஒரு டர்பைனைச் சுழற்றும்; அந்த டர்பைன்தான் முன்னால் காற்றை அமுக்கும் கம்ப்ரஸரை இயக்குகிறது. வாயு எவ்வளவு சூடோ அவ்வளவு திறன். அதனால் எல்லோரும் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். இன்றைய எஞ்சின்களில் எரிகலனை விட்டு வரும் வாயு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிக்கல் உருகுவது 1455 டிகிரியில். அந்த வாயு முதலில் மோதும் டர்பைன் பிளேடுகளோ நிக்கல் கலவையால் ஆனவை.

சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், சுமையைப் பாருங்கள். பிளஸ் டூவில் படித்த மையவிலக்கு விசைச் சூத்திரம் போதும். பிளேடின் எடை 300 கிராம், அச்சிலிருந்து தூரம் 40 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 13 டன் வரும். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, அதன் நுனியில் 13 டன்னைக் கட்டி இழுப்பதற்குச் சமம். பிளேடின் நுனிக்கும் சுற்றியிருக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. பிளேடு கொஞ்சம் நீண்டாலும் உரசிவிடும்.

அது நீளத்தான் பார்க்கும். ஓர் உலோகத்தின் வெப்பநிலை, கெல்வினில் அதன் உருகுநிலையில் பாதியை நெருங்கினாலே, உடைக்கப் போதாத சிறு சுமைக்குக்கூட அது மெல்ல மெல்ல நீள ஆரம்பிக்கும். இதைத்தான் பொறியாளர்கள் க்ரீப் என்பார்கள். ஈயம் 600 கெல்வினில் உருகும். நம் அறை வெப்பம் 300 கெல்வின், சரியாகப் பாதி. ஐரோப்பாவின் பழைய தேவாலயக் கூரைகளில் பதித்த ஈயத் தகடுகள் யாரும் தொடாமலேயே தங்கள் சொந்த எடையில் வழிந்து இறங்கியிருப்பது இதனால்தான். டர்பைன் பிளேடோ தன் உருகுநிலையில் எண்பது சதவீதத்துக்கும் மேலான வெப்பத்தில் வேலை செய்கிறது.

அந்த நிலையில் பிளேடு எங்கே விட்டுக்கொடுக்கும்? புது கால்வனைஸ்டு வாளியைப் பார்த்திருப்பீர்கள். மேலே பூப்பூவாகத் தெரியும். அதில் ஒவ்வொரு திட்டும் துத்தநாகத்தின் ஒரு தனிப் படிகம். ஒரு படிகத்துக்குள் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கும். பக்கத்துப் படிகத்தில் வரிசையின் திசை வேறு. இரும்பு, பித்தளை, நிக்கல் என்று நாம் கையாளும் உலோகம் கிட்டத்தட்ட எல்லாமே இப்படிக் குறுணை குறுணையான படிகங்களின் கூட்டம்தான். இரண்டு குறுணைகள் சந்திக்கும் எல்லையில் அணுக்கள் சரியாகப் பொருந்துவதில்லை. சாதாரண வெப்பத்தில் அதனால் நன்மைதான், குறுணை சிறிதாக இருந்தால் உலோகம் கெட்டி. சூடு ஏறும்போதுதான் கதை மாறுகிறது. எல்லை வழியாக அணுக்கள் சுலபமாக நகரும், குறுணைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். இழுவிசைக்குக் குறுக்கே கிடக்கும் எல்லைகளில் நுண்ணிய குழிகள் திறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகும். அதோடு பிளேடின் ஆயுள் முடிந்தது.

1960-களில் அமெரிக்காவின் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தில் ஃபிராங்க் வெர்ஸ்னைடரும் உடனிருந்தவர்களும் முதலில் குறுக்கு எல்லைகளை ஒழித்தார்கள். குறுணைகள் எல்லாம் பிளேடின் நீளவாக்கில் தூண் தூணாக வளரும்படி வார்த்தார்கள். அப்புறம் அடுத்த கேள்வி தானாக வந்தது. எல்லையே இல்லாமல், பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்த்தால்? அதுவும் கைகூடி, 1982-இல் ஜேடி9டி-7ஆர்4 எஞ்சின் வழியாகப் பயணிகள் விமானங்களுக்கு வந்தது. போயிங் 767, ஏர்பஸ் ஏ310 இரண்டும் அதோடு பறந்தன.

அதை வார்க்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தொடக்கம் நமக்கு அந்நியமில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் செய்யும் அதே மெழுகு வார்ப்புதான். மெழுகில் உரு செய்து, மேலே பூச்சு பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. அங்கே காவிரி வண்டல் மண், இங்கே பீங்கான் குழம்பு. கோயில் சிலை உள்ளேயும் கெட்டி, பிளேடோ உள்ளே குடைவு. குளிர்காற்று ஓடுவதற்கான வளைந்து நெளிந்த பாதைகளின் வடிவத்தில் ஒரு மெல்லிய பீங்கான் கருவை மெழுகுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வார்த்த பிறகு காரக் கரைசலில் ஊறப்போட்டு அதைக் கரைத்து எடுப்பார்கள்.

அச்சை வெற்றிட உலைக்குள் ஏற்றி, உலோகத்தின் உருகுநிலைக்கு மேலேயே சூடாக வைத்திருப்பார்கள். அச்சின் அடி திறந்திருக்கும். தண்ணீர் ஓடும் ஒரு செப்புத் தட்டின் மேல் அது உட்கார்ந்திருக்கும். உருகிய உலோகத்தை ஊற்றியதும் செப்பைத் தொட்ட இடத்தில் மட்டும் சட்டென்று உறையும். அங்கே கணக்கில்லாத குட்டிப் படிகங்கள் பிறக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். பிறகு அச்சை உலையின் சூடான பகுதியிலிருந்து நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் கீழே இறக்குவார்கள். வெப்பம் கீழ்நோக்கி மட்டுமே வெளியேறும். அதனால் உறையும் எல்லைக்கோடு கீழிருந்து மேலே நிதானமாக ஏறும்.

இப்போது படிகங்களுக்குள் போட்டி தொடங்குகிறது. நிக்கல் படிகம் கனசதுர அமைப்பு கொண்டது. உறையும்போது அது கனசதுரத்தின் விளிம்புகளுக்கு இணையான திசைகளில்தான் கிளைவிட்டு வேகமாக வளரும். தற்செயலாக அந்த விளிம்பு செங்குத்தாக அமைந்த படிகங்கள் முந்துகின்றன. சாய்ந்து பிறந்தவை பின்தங்கி, பக்கத்தில் வளர்வது குறுக்கே வந்து அடைக்க, அங்கேயே நின்றுவிடுகின்றன. நெருக்கி நட்ட சவுக்குத் தோப்பில் கோணலாகக் கிளம்பிய கன்று நிழலில் சிக்கி வளராமல் போகுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குள் கூட்டம் கலைந்து, ஏறக்குறைய நேராக நிற்கும் சில படிகங்களே மிஞ்சும்.

அவற்றுக்கும் மேலே ஒரு பொறி காத்திருக்கிறது. அச்சின் அந்த இடத்தில் சில மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சுருள் பாதை இருக்கும். பட்டறையில் அதன் பெயர் பன்றிவால். உள்ளே நுழையும் படிகங்கள் சுருளின் சுவரில் முட்டி ஒவ்வொன்றாக நின்றுவிட, ஒன்றோ ஒன்றரையோ சுற்று முடிவதற்குள் ஒரே ஒரு படிகம்தான் வெளியே தலைகாட்டும். சுருளுக்கு மேலேதான் பிளேடின் உண்மையான அச்சு தொடங்குகிறது. தப்பி வந்த அந்த ஒற்றைப் படிகம், போட்டிக்கு ஆளே இல்லாமல், பிளேடின் வேரிலிருந்து நுனி வரை முழு இடத்தையும் நிரப்பி வளர்ந்துவிடும்.

அணுக்களை யாரும் எடுத்து அடுக்கவில்லை. ஒரு செப்புத் தட்டு, ஒரு வளைந்த துளை, நிதானமான இறக்கம், அவ்வளவுதான் சாதனம். திசையைத் தேர்வது சுருள் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வேலை சுருளுக்குக் கீழே, படிகங்கள் போட்டியிட்ட அந்த மூன்று நான்கு சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. சுருள் எண்ணிக்கையை ஒன்றாக்குவதோடு சரி.

இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. நிக்கல் படிகம் எந்தத் திசையில் தானாக வேகமாக வளர்கிறதோ, அதே திசையில்தான் அது விறைப்புக் குறைந்தும் இருக்கிறது. விறைப்பை அளக்கும் எண்ணான மீள்திறன் குணகம், பல குறுணை உலோகத்தில் 200 கிகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். இந்தத் திசையில் சுமார் 130 தான். விறைப்பு குறைந்தால், எஞ்சினைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் சூடேறிக் குளிர்வதால் பிளேடுக்குள் எழும் தகைவும் குறைகிறது. இயற்கை நம் வசதிக்காக எதையும் செய்வதில்லைதான். ஆனாலும் இந்தப் பொருத்தத்தை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். எல்லைகளே இல்லை என்றால் அவற்றைப் பிணைக்கச் சேர்த்துவந்த கார்பன், போரான், சிர்கோனியம் எல்லாவற்றையும் பெருமளவு விட்டுவிடலாம். அவை உருகுநிலையைக் குறைப்பவை, ஆகவே இரட்டை லாபம். படிகத்துக்குள்ளே நிக்கலும் அலுமினியமும் சேர்ந்து அரை மைக்ரான் கனசதுரங்களாக நிறைந்து, அணு அடுக்குகள் நழுவாமல் தடுக்கும். சூடேற ஏற, ஓரளவு வரை, இந்தக் கனசதுரங்களின் பலம் கூடவே செய்யும். ரீனியம் என்ற அபூர்வ உலோகத்தை மூன்று சதவீதம் போலச் சேர்த்தால் க்ரீப் இன்னும் மந்தமாகும். கம்ப்ரஸரிலிருந்து திருடிய காற்று பிளேடின் உள்ளே ஓடி, நுண் துளைகள் வழியாக வெளியே கசிந்து மேற்பரப்பில் போர்வையாகப் படியும். 'குளிர்' காற்று என்கிறோமே தவிர அதுவே பல நூறு டிகிரி சூடு. அதற்கும் மேல் மெல்லிய சிர்கோனியா பீங்கான் பூச்சு. இத்தனையும் சேர்ந்துதான் உருகுநிலைக்கு மேலான வாயுவில் பிளேடு உருகாமல் நிற்கிறது.

2017-இல் ஷாங்காயில் எண்பது வயது மூதாட்டி ஒருவர், பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று வேண்டிக்கொண்டு விமான எஞ்சினை நோக்கி நாணயங்களை வீசினார். ஒன்று உள்ளே போய்விட, விமானம் மணிக்கணக்கில் தாமதமானது. சிரித்துவிட்டு நகரலாம். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு எந்திரத்துக்குச் சந்தனம் வைப்பதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. சோதனைக்கு வேண்டிய காலத்தையும் பணத்தையும் கொடுக்காமல், "கடவுள் அருளால் முதல் முயற்சியிலேயே வெற்றி" என்ற அறிவிப்பை எதிர்பார்க்கிறோமே, அந்த மூடநம்பிக்கைதான் எனக்குப் பயம்.

தேஜஸுக்கு உள்நாட்டிலேயே எஞ்சின் செய்வதற்கான காவிரி திட்டம், 1989-இல் பெங்களூரில் இருக்கும் ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் எஞ்சின் ஆய்வகமான ஜி.டி.ஆர்.இ.யிடம் ஒப்படைக்கப்பட்டது. 2008-இல் அது தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. உயரத்தில் பறக்கவிட்டுச் சோதிக்க ஏற்ற விமானம் நம்மிடம் இல்லாததால் எஞ்சினை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் ஐ.எல்.-76 விமானத்தில் மாட்டிச் சோதித்தார்கள். நல்ல செய்தியும் உண்டு: அதே அமைப்பின் ஹைதராபாத் உலோக ஆய்வகமான டி.எம்.ஆர்.எல். ஒற்றைப் படிக பிளேடுகளை வார்த்து, 2021-இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.லுக்கு 60 கொடுத்தது. ஆக, வித்தை தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு புதுக் கலவையை 10,000 மணி நேரம் க்ரீப் சோதனையில் தொங்கவிட்டால் அதற்கே பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். முடிவு சரியில்லை என்றால் கலவையை மாற்றி மறுபடி பதின்மூன்று மாதம். ஆண்டுக்கு ஆண்டு 'என்ன சாதித்தீர்கள்' என்று கேட்டு நிதியை அளந்து விடும் முறைக்குள் இது எப்படி அடங்கும்? நாட்டு உற்பத்தியில் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம், தென்கொரியா சுமார் 5 சதவீதம். இதற்கு மேல் நான் பேசினால் கட்டுரை திசைமாறிவிடும்.

சரி, காப்பி அடிக்கும் யோசனை. பிளேடின் வடிவத்தை சி.டி. ஸ்கேனில் மைக்ரான் துல்லியமாக எடுக்கலாம். கலவையில் எது எத்தனை சதவீதம் என்று கருவி சொல்லிவிடும். அச்சை எந்த வேகத்தில் இறக்கினார்கள், எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்கள், பீங்கான் குழம்பில் என்ன கலந்தார்கள், 1300 டிகிரியை ஒட்டிய வெப்பப் பதப்படுத்தலை எத்தனை படிகளில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் முடிந்த பிளேடைப் பார்த்தால் தெரியாது. இறக்கும் வேகம் கொஞ்சம் பிசகினாலும் பிளேடின் அடித்தட்டு விரியும் மூலையில் வேண்டாத புதுப் படிகம் ஒன்று முளைத்துவிடும். வார்த்து முடித்ததும் அமிலத்தில் கழுவினால் அந்த இடம் வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். அப்புறம் எக்ஸ்-கதிரில் படிகத்தின் திசையைப் பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் அதுவும் கழிவுதான்.

சீனா ரஷ்யாவின் ஏ.எல்.-31 எஞ்சின்களை வாங்கி ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்க்க அவர்களுக்கு எஞ்சின் பஞ்சமே இல்லை. பணத்துக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் தங்கள் சொந்த டபிள்யூ.எஸ்.-10 எஞ்சினை நம்பிக்கையோடு போர் விமானங்களில் பரவலாக மாட்ட அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.