பச்சைக் கட்டம் எங்கே விழுந்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னைப் புறநகர் மனைப்பிரிவுகளில் ஒரே மாதிரியான காட்சியைப் பார்க்கலாம். ஷாமியானா பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைமேல் விரித்து வைத்த லேஅவுட் வரைபடம். குடும்பத்தோடு வந்தவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். கிழக்குப் பார்த்த மனையா, கார்னர் மனை மிச்சம் இருக்கிறதா, ரோடு முப்பதடியா, தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்றெல்லாம் கேட்கிறார்கள். வரைபடத்தில் பச்சை அடித்த ஒரு கட்டமும் இருக்கும். அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. "இது பார்க் சார்" என்று விற்பவர் சொல்லிவிட்டு விரலை அடுத்த மனைக்கு நகர்த்திவிடுவார்.

அந்தப் பச்சைக் கட்டத்தைப் பதினேழு ஆண்டுகளாக வரைந்துவருகிறவன் நான். அது காகிதத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்தே, இருபது வருடம் கழித்து அங்கே குழந்தைகள் விளையாடுவார்களா, சீமைக்கருவேலம் நிற்குமா என்று சொல்லிவிடலாம். மனை வாங்கப்போகிறவர்களுக்கும், மனை போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை இதுதான்: முதலில் ரோடு போடு, அடுத்து மனைகளை அடுக்கு, கடைசியில் மனையாக வெட்ட முடியாத மூலை எது மிஞ்சுகிறதோ அதில் பூங்காவை வை. தாம்பரத்துக்கு மேற்கே 10 ஏக்கர் நிலம் ஒன்றுக்கு நான் அப்படித்தான் வரைந்தேன். சுடுகாட்டுப் பாதையை ஒட்டிய கடைசி மூலையில் பூங்கா. ஒப்புதலும் கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். வீடுகள் நிறைந்திருந்தன. பூங்கா இடத்தில் கட்டட இடிபாடும் முள்ளும். பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டி வரும்போதெல்லாம் ஸ்டம்பைத் தூக்கி ஓரம் வைத்தார்கள். கையில் குச்சியோடு நடைபழகிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பூங்காவைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பக்கம் யாருப்பா போவாங்க, ஒரு வீட்டு வாசல்கூட அங்க கிடையாது" என்றார். அந்த அம்மா சொன்ன காரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதது. சட்டப்படி நான் கொடுக்கவேண்டிய நிலத்தைக் கொடுத்திருந்தேன். ஆனால் யாருக்கும் பயன்படாத இடத்தில் கொடுத்திருந்தேன்.

சட்டம் கேட்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் ரோடு போக மிச்சப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். தொழிலில் இதை ஓ.எஸ்.ஆர். என்போம். 10,000 சதுர மீட்டர் வரையிலான நிலத்துக்கு இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேலே போனால் நிலமாகவே கொடுத்து, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த இடம் தரைமட்டத்தில், சாலையை ஒட்டி இருக்க வேண்டும். எந்தப் பக்கத்திலும் 10 மீட்டருக்குக் குறைவாக ஒடுங்கக் கூடாது.

10 ஏக்கர் நிலத்தில் ரோட்டுக்கு 3 ஏக்கர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 7 ஏக்கர். அதில் பத்தில் ஒன்று 70 சென்ட். மனை போடுகிறவர் கண்ணுக்கு அது பன்னிரண்டு கிரவுண்டு. அந்த வலி எனக்குப் புரிகிறது, அதனால்தான் அவர் அதை விலை குறைந்த மூலைக்குத் தள்ளப் பார்க்கிறார். அவரிடம் நான் இப்போதெல்லாம் வேறு மாதிரி பேசுகிறேன். 70 சென்ட் என்பது ஏறத்தாழ 2,830 சதுர மீட்டர். சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 53 மீட்டர். விதி அனுமதிக்கும் 10 மீட்டர் அகலத்தில் நீட்டி வைத்தால் 280 மீட்டர் நீளம். எல்லாவற்றையும் நீட்டச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஓடியாட அகலமான ஒரு இடம் வேண்டும். 40 சென்டில் ஏறக்குறைய 40 மீட்டருக்கு 40 மீட்டர் மைதானம் வந்துவிடும். மிச்சமுள்ள 30 சென்டில் 120 மீட்டர் நடைபாதைப் பூங்கா போடலாம். அந்த 10 மீட்டர் அகலத்துக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கும் பாதை, ஒரு சைக்கிள் தடம், இரண்டு வரிசை மரம், மழைநீர் இறங்கும் பள்ளம் நான்கும் அடங்கும். அதன் இருபுறமும் வருகிற மனைகள் எல்லாம் பூங்கா பார்த்த மனைகளாகிவிடுகின்றன. மூலையில் ஒரு சதுரம் வைத்தால் நான்கைந்து மனைக்கு மட்டுமே கிடைக்கும் மதிப்பு இருபது மனைக்குக் கிடைக்கிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அந்த நடைபாதையை எங்கே வைப்பது? இதற்கான விடையை நம் வருவாய்த்துறை ஆவணங்களே வைத்திருக்கின்றன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மூன்றும் ஏரிகளால் ஆன நிலம். ஒரு ஏரி நிரம்பி, மிகைநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் போக்குக் கால்வாய் அடுத்த ஏரிக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும். ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, களத்துமேடு எல்லாம் கோடு கோடாகத் தெரியும். வண்டிப்பாதை என்பது ஊருக்கும் வயலுக்கும், ஊருக்கும் ஊருக்கும் நடுவே தலைமுறைகளாக மனிதர்கள் நடந்த தடம். எங்கே மேடு, எங்கே மழையில் நடக்கலாம் என்று தெரிந்தே அவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்திருக்கிறார்கள். இன்று அந்த வண்டிப்பாதைகள்தான் முதலில் காம்பவுண்டு சுவருக்குள் மறைகின்றன. நான் இப்போது புது நிலம் ஒன்று கைக்கு வந்தால் மனைக் கணக்கைத் தொடுவதற்கு முன் எஃப்.எம்.பி.யையும், எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் வாங்கி, வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் நீல மையில் வரைந்துகொள்கிறேன். பூங்கா அந்தக் கோட்டில் ஒட்டிக்கொள்கிறது. ரோடும் மனையும் பிறகுதான்.

சிங்கப்பூரில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. பூங்காக்களை இணைக்கும் பாதைகளை அவர்கள் தொடங்கியபோது அதற்கென்று புதிதாக நிலம் வாங்கவில்லை. கால்வாய் ஓரங்களிலும் சாலை ஓரங்களிலும் பராமரிப்புக்காக விட்டுவைத்திருந்த பட்டைகளைப் பயன்படுத்தினார்கள். 1992-இல் காலாங் ஆற்றோரம் முதல் பாதை வந்தது. இன்று அந்த வலை 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்குகிற பெரியவர் ரோட்டில் கால்வைக்காமல் வெகுதூரம் நடந்துபோக முடிகிறது. அதே ஆற்றின் கரையில் உள்ள பீஷான்–அங் மோ கியோ பூங்காவில், காங்கிரீட் கால்வாயாக நேராக ஓடிய 2.7 கிலோமீட்டரை உடைத்து, வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். மழை குறைந்த நாளில் அங்கே பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாடுகிறார்கள். கனமழையில் பூங்காவே வெள்ளத்தை ஏந்திக்கொள்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் முதல் மாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதை லேசாகச் சொல்லிப்போக முடியவில்லை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 40,000 லிட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 10 ஏக்கர் மனைப்பிரிவில் 40 லட்சம் லிட்டர் விழுகிறது. முன்பு வயலாக இருந்தபோது அந்தத் தண்ணீர் வரப்புக்குள் நின்றது. இப்போது எங்கே நிற்கும்? மேலே சொன்ன 40 சென்ட் மைதானத்தை ரோட்டைவிடச் சராசரியாக அரை மீட்டர் தாழ்வாக, சரிவாக அமைத்தால் அதற்குள் கிட்டத்தட்ட 8 லட்சம் லிட்டர் நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறோம்? கிராவல் கொட்டிப் பூங்காவை ரோட்டைவிட உயர்த்தி, சுற்றிலும் சுவர் வைத்து, நடுவில் கொரியன் புல் பதித்து, அதற்கு போர்வெல் தண்ணீர் பாய்ச்சுகிறோம். மழைநீர் பூங்காவுக்குள் வர வழியே இல்லாமல் வீட்டு வாசலுக்குப் போகிறது.

பள்ளமாக விட்டால் கொசு வராதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொசு முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்துவிடும்படி அமைத்தால் பயமில்லை. களிமண் பூமியாக இருந்தால் தாழ்ந்த முனையில் மணலும் ஜல்லியும் நிரப்பிய உறிஞ்சு கிணறுகள் இரண்டு போட வேண்டும், இல்லாவிட்டால் வடியாது. இதைச் செய்யாமல் வெறும் பள்ளம் மட்டும் தோண்டி வைப்பவர்களால்தான் இந்த யோசனைக்கே கெட்ட பெயர்.

மரத்தைப் பற்றி ஒரு வரி. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சாய்ந்த மரங்களில் வெளிநாட்டு வகைகள் ஏராளம். நான் நடச் சொல்வது புங்கன், வேம்பு, மகிழம், நாவல், வாய்க்கால் ஓரமென்றால் நீர்மருது, பூவரசு. இவற்றுக்கு ஆரம்ப இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றினால் போதும்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் சுவரும் இரும்புக் கதவும் கேட்கிறார்கள். என் அனுபவம் வேறு. பூங்காவை நோக்கி வீட்டு வாசல்களும் ஜன்னல்களும் இருந்தால் அங்கே இரவு எட்டு மணிக்கும் பெண்கள் நடக்கிறார்கள். பூங்காவுக்கு முதுகு காட்டி ஆறடிச் சுவர்கள் நின்றால், எத்தனை விளக்குப் போட்டாலும் யாரும் வருவதில்லை. அதனால் நடைபாதையின் இருபக்கமும் வீட்டின் பின்புறம் வராதபடி மனைகளைத் திருப்பி வைக்க வேண்டும். வரைபடத்தில் இது அரை நாள் வேலை. வீடு கட்டியபிறகு எத்தனை லட்சம் செலவழித்தாலும் திருத்த முடியாது.

பக்கத்துப் பக்கத்து நிலத்தில் ஐந்து பேர் தனித்தனியாக மனை போடும்போது இன்னொரு இழப்பு நேர்கிறது. ஐந்து மூலைகளில் ஐந்து துண்டு, நடுவே சுவர்கள். பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும், பிள்ளை மெயின் ரோட்டுக்கு வந்து லாரிகளுக்கு நடுவே சுற்றிப் போகிறது. குஜராத்தில் பலருடைய நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் உரிய பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான மனைகளாகத் திருப்பிக் கொடுக்கும் நகரமைப்புத் திட்ட முறை நெடுங்காலமாக நடக்கிறது. அங்கே பூங்கா யாருடைய மூலையிலும் விழ வேண்டிய கட்டாயம் இல்லை. நம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் ஒரு பகுதி முழுவதற்கும் விரிவான வளர்ச்சித் திட்டம் தீட்ட இடம் இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022-இல் விரிந்திருக்கிறது. அந்தப் புதுப் பரப்பில் வயலாகவே இருக்கும் ஊர்கள் நிறைய. அங்கே ஏரிக்கு ஏரி நடைபாதைக் கோட்டை முதலில் வரைந்துவிட்டு, 'உங்கள் ஓ.எஸ்.ஆர். இந்தக் கோட்டைத் தொட வேண்டும்' என்று ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் நிபந்தனை வைத்தால் போதும். அரசுக்கு நிலம் வாங்கும் செலவே இல்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. விளம்பரக் காகிதத்தில் உள்ள படத்தை நம்பாமல், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. கொடுத்த ஒப்புதல் எண் உள்ள வரைபடத்தைக் கேளுங்கள். இரண்டிலும் பூங்கா ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப்பத்திரம் பதிவாகியிருப்பது தெரியும். பதிவுத்துறை இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். பிறகு மனையிலிருந்து பூங்காவுக்கு ஒருமுறை நடந்து போய்வாருங்கள், முடிந்தால் மழைக்கு மறுநாள். குடியேறியபிறகு அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி, சங்கக் கட்டடம், கோயில் என்று ஒவ்வொன்றாக யோசனை வரும். எல்லாமே நல்ல எண்ணத்தோடு வரும். அப்போது மறுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும். பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது குடியிருப்புவாசிகள் எதிர்த்து வழக்காடினார்கள். பூங்கா இடம் பொதுமக்களுக்கானது, அதைத் தனியாருக்கு மாற்றிக்கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே கொடுக்கக் கூடாது என்ற தீர்ப்பு அது. பூங்காவைத் தங்கள் குடியிருப்புக்கு மட்டும் என்று பூட்டி வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தானப்பத்திரம் எழுதிய இடம் ஊருக்குச் சொந்தம். பின்னால் இருக்கும் காலனிப் பிள்ளைகளும் அங்கே ஊஞ்சலாட வரலாம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மனைப்பிரிவில் வாய்க்கால் ஓரமாக 120 மீட்டர் பாதையை வரைந்து, நிலத்தின் எல்லையில் சுவர் வைக்காமல் 10 மீட்டரைத் திறந்தே விட்டோம். போன மாதம் பக்கத்து நிலத்துக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். "உங்க பாதை எங்க எல்லையில எந்த இடத்துல முடியுதுன்னு அளவு குடுங்க, அங்கிருந்து நம்மளுத ஆரம்பிச்சுக்கலாம்" என்றார். அவருடைய வரைபடம் இன்னும் ஒப்புதலுக்குப் போகவில்லை. திறப்பில் இப்போதைக்கு ஒரு சங்கிலி தொங்குகிறது. மாலையில் ஆடு மேய்க்கிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார்கள்.