பல் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை: நடைமுறையும் நோயாளியின் உரிமையும்

பல் மருத்துவக் கல்லூரியில் உங்கள் பல்லில் கை வைப்பவர் பெரும்பாலும் மாணவர்தான். ஆனால் அவர் தன் போக்கில் எதையும் முடித்துவிட முடியாது. சொத்தையைச் சுரண்டியதும் ஆசிரியர் பார்க்க வேண்டும், அடைத்த பிறகும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வெளியே அரை மணியில் முடிகிற வேலை இங்கே இரண்டு மணி நேரம் இழுப்பது இதனால்தான். சிக்கலான பல் என்றால் முதுநிலை மாணவரிடம் போகும்.

ஓ.பி. சீட்டு போட்டதும் முதலில் வாய் முழுவதையும் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, எந்தத் துறைக்கு என்று எழுதுவார்கள். முகத்தில் வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் வரிசையில் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாக நிறுத்துவது ஆபத்து.

முழு பல் செட்டுக்கு வழக்கமாக ஐந்து முறை வர வேண்டியிருக்கும். முதல் இரண்டு முறை அளவெடுப்பு. மூன்றாம் முறை மெழுகுக் கட்டை வைத்துத் தாடைகளின் இடைவெளியைக் குறிப்பார்கள். நான்காம் முறை, மெழுகில் பதித்த பற்களைப் போட்டுக் காட்டுவார்கள். வாய் திறந்து குறை சொல்ல வேண்டிய நாள் இதுதான். கண்ணாடியில் சிரித்துப் பாருங்கள், ‘ச’, ‘ஸ’ வரும் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். விசில் போல் காற்று வந்தால் அப்போதே மாற்றலாம். மெழுகுக்குப் பதில் அக்ரிலிக் (கெட்டியான பிளாஸ்டிக்) வந்துவிட்டால் பல் நகராது. ஐந்தாம் முறை செட் கைக்கு வரும்.

வேர் சிகிச்சை (ரூட் கெனால்) கெட்டுப்போவதற்கு மாணவரின் கையைக் குறை சொல்வார்கள். பாதியில் வராமல் நின்றுவிடுவதும் ஒரு காரணம். நரம்பை எடுத்ததும் வலி போய்விடும், ஆளும் வருவதில்லை. தற்காலிக அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். அது கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும். சிகிச்சைக்குப் பின் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாத கடைவாய்ப் பல் கடிக்கும்போது வேர்வரை நெடுக்காகப் பிளந்தால் பிடுங்கத்தான் வேண்டும். உங்கள் மாணவர் படிப்பு முடிந்து போயிருந்தாலும் பழைய சீட்டைக் காட்டினால் கேஸை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.

கல்லூரி வெளியே நடத்தும் முகாமில் பெரும்பாலும் பரிசோதனையும் சிறு சிகிச்சையும்தான். மீதிக்குக் கல்லூரிக்கே வரச் சொல்வார்கள்.

ஆய்வுக்கு உங்களைச் சேர்ப்பதாக இருந்தால் தனி ஒப்புதல் படிவம் உண்டு. சிகிச்சைக்கு இட்ட கையெழுத்து அதற்குச் செல்லாது. படிக்க முடியாவிட்டால் சாட்சி முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தாலும், சேர்ந்துவிட்டு நடுவில் விலகினாலும், வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.