நாலு கோடி சரிபார்ப்பு என்றால் நாலு கோடி துப்பாக்கியா?

நான் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் குழந்தை மருத்துவர். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். ‘அமெரிக்காவில் இந்த வருஷம் இத்தனை கோடி துப்பாக்கி வித்திருக்காம். உங்க மாநிலம்தான் முதல் வரிசையில் இருக்காம். குழந்தைகளைப் பத்திரமா பார்த்துக்கோ.’ அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எண்ணைத் தப்பாகப் படித்தால், பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்பட்டுக்கொண்டிருப்போம். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இதைப் பார்க்கிறேன்.

முதலில், அந்த எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்பதற்கு நாடு தழுவிய பதிவேடு கிடையாது. அப்படி ஒன்றை அரசு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கடையில் வாங்க அனுமதி பெற்றவரின் விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கணக்கு: துப்பாக்கி வாங்கத் தகுதி உண்டா, குற்றப் பின்னணி உண்டா என்று எத்தனை முறை சரிபார்த்தோம் என்பது. மாதாமாதம் வெளியாகும் அந்தக் கணக்கைத்தான் செய்திகள் துப்பாக்கி விற்பனை என்று எழுதிவிடுகின்றன.

1981இல் அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரில் 1993இல் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, 1998 நவம்பர் 30 அன்று இந்தச் சரிபார்ப்பு முறை தொடங்கியது. சுருக்கமாக ‘நிக்ஸ்’ என்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊரிலிருந்து எஃப்.பி.ஐ. இதை நடத்துகிறது.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் மான் வேட்டைக்காக ரைஃபிள் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். எதைப் பற்றிப் பேசுகிறேனோ அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். 4473 என்ற படிவத்தைக் கொடுத்தார்கள். இந்தத் துப்பாக்கியை உனக்காகத்தான் வாங்குகிறாயா, பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறாயா, வீட்டில் இருப்பவரை அடித்த வழக்கில் தீர்ப்பு உண்டா, போதைப்பொருள் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். விசாவைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. ஹெச்1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற ஒரு சில விதிவிலக்குகள் தவிர, வாங்க முடியாது. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். நண்பர் ‘கவுன்ட்டி’ (நம்மூர் மாவட்டம் போன்றது) என்ற கட்டத்தை ‘கன்ட்ரி’ என்று படித்துவிட்டு யு.எஸ்.ஏ. என்று எழுதியிருந்தார். கடைக்காரர் அந்த இடத்தில் விரலை வைத்து, “பாதிப் பேர் இங்கேதான் தப்பு விடுவார்கள்” என்றார். திருத்திக் கொடுத்ததும் விவரத்தைக் கணினியில் ஏற்றினார். சில நிமிடங்களில் ‘ப்ரொசீட்’ என்று பதில் வந்துவிட்டது. வாங்கலாம் என்று அர்த்தம். இது தவிர ‘டிலே’ (தாமதம்), ‘டினைடு’ (மறுப்பு) என்று இரண்டு பதில்கள் உண்டு. ‘டிலே’ என்று வந்து மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால், கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனின் கைக்குத் துப்பாக்கி போனது இந்த ஓட்டை வழியாகத்தான்.

சரி, நண்பர் வாங்கியது ஒரு ரைஃபிள், கணக்கில் ஏறியது ஒன்று. அவர் மூன்று வாங்கியிருந்தாலும் ஒன்றுதான் ஏறியிருக்கும். இன்னொருவர் தன் துப்பாக்கியை அடகுக் கடையில் வைத்துப் பணம் வாங்கி, பிறகு மீட்க வருகிறார் என்றால் அதற்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. துப்பாக்கியும் பழையது, ஆளும் அதே ஆள்தான், ஆனாலும் கணக்கில் ஒன்று கூடிவிடும்.

எங்கள் மாநிலத்தின் கதை இன்னும் விசேஷம். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கென்டக்கி மாதாமாதம் மறுபடி சரிபார்க்கிறது. ஒருவர் புதிதாக எதுவுமே வாங்காமல் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை கணக்கில் ஏறுவார். 2016இல் கென்டக்கியின் சரிபார்ப்புகள் 36 லட்சத்தைத் தாண்டின. அப்போது மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே 45 லட்சத்துக்குள்தான். கைக்குழந்தையைக்கூட விடாமல் எல்லோரும் துப்பாக்கிக் கடையில் வரிசையில் நின்றோம் என்று படித்தால் என்ன செய்வது? சொந்தக்காரர்கள் சொல்லும் ‘முதல் வரிசை’ இப்படி வந்ததுதான்.

இந்த உரிமச் சரிபார்ப்புகளைக் கழித்துவிட்டுத் துப்பாக்கித் தொழில்துறைச் சங்கமே ஒரு கணக்குப் போடுகிறது. 2020இல் எஃப்.பி.ஐ. எண் 3.97 கோடி; கழித்த பிறகு ஏறக்குறைய 2.1 கோடி. பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் இதிலும் வராதவை உண்டு. உரிமம் பெற்ற கடையில் வாங்கினால்தான் மத்தியச் சட்டப்படி சரிபார்ப்பு. பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு கொடுத்து வாங்கினால் பல மாநிலங்களில் யாரும் கேட்பதில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முந்தைய இரண்டு வருடத்துக்குள் துப்பாக்கி வாங்கியவர்களில் 22 சதவீதம் பேர் எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல்தான் பெற்றிருந்தார்கள்.

அப்படியானால் இந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. எத்தனை துப்பாக்கி என்பதற்கு இது பதில் சொல்லாது. ஆனால் மக்கள் எப்போது பயந்தார்கள் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டுவது வேறு இல்லை என்பது என் கருத்து. 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். இனிமேல் சட்டம் கடுமையாகும், அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று அந்த ஒரு மாதத்தில் மட்டும் 27 லட்சத்துக்கும் மேல் சரிபார்ப்புகள். 2016 தேர்தலில் டிரம்ப் வென்றதும் சட்டம் வந்துவிடும் என்ற பயம் போனது, 2016இல் 2.75 கோடியாக இருந்தது 2017இல் 2.52 கோடியாக இறங்கியது. அப்புறம் 2020 மார்ச். கடைகளில் அரிசியும் டாய்லெட் பேப்பரும் தீர்ந்துபோன அதே வாரங்களில் துப்பாக்கிக் கடை வாசலிலும் கூட்டம். அந்த மாதம் 37 லட்சம். அடுத்த வருடம் மார்ச்சில் 46.9 லட்சம், ஒரு மாதத்தில் அதற்கு முன் அத்தனை பதிவானதே இல்லை. அதன் பிறகு வருடா வருடம் இறங்கி வருகிறது.

எந்தத் துப்பாக்கி என்பதும் மாறியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிபார்ப்புகளில் வேட்டை ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகள்தான் அதிகம். இன்று கைத்துப்பாக்கிதான் முன்னால் நிற்கிறது. 1999இல் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது 49 சதவீதம் பேர் வேட்டைக்கு என்றார்கள், 26 சதவீதம் பேர் பாதுகாப்புக்கு என்றார்கள். 2023இல் ப்யூ என்ற ஆய்வு நிறுவனம் கேட்டபோது, பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்றவர்கள் 72 சதவீதம். என் போன்றவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய விஷயம். வேட்டைத் துப்பாக்கி வருடத்தில் பாதி நாள் அலமாரிக்குள் கிடக்கும். பாதுகாப்புக்கு என்று வாங்குவதை மனிதர்கள் கை எட்டும் தூரத்தில், தோட்டா போட்டு வைக்கிறார்கள். குழந்தையின் கையும் அங்கே எட்டும்.

வாங்குகிறவர்களும் மாறினார்கள். 2020க்கு முன்பு வரை, சரிபார்ப்புகள் ஏறிக்கொண்டே போக, துப்பாக்கி இருக்கும் வீடுகளின் பங்கோ ஏறவில்லை. 1970களின் கடைசியில் ஏறக்குறைய பாதி வீடுகளில் இருந்தது, 2010களில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது என்று பொதுச் சமூகக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களே மேலும் மேலும் வாங்கினார்கள். 2015இல் பெரியவர்களில் வெறும் 3 சதவீதம் பேரிடம் நாட்டின் துப்பாக்கிகளில் பாதி இருந்தது. கொரோனா காலம் இந்தப் போக்கை மாற்றியது. 2019 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரலுக்குள் 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். அதுவரை துப்பாக்கியே இல்லாத வீடுகளில் வாழ்ந்த 50 லட்சம் குழந்தைகளின் வீட்டுக்குள் அது வந்தது.

அப்படிப்பட்ட ஓர் அப்பா, ஆறு வயது மகளோடு தடுப்பூசிக்கு வந்திருந்தார். கார் சீட், ஹெல்மெட், நீச்சல் குளம் பற்றிக் கேட்கும் வரிசையிலேயே துப்பாக்கி பற்றியும் எல்லோரிடமும் கேட்பேன். 2020இல் வாங்கியது, ஒருமுறைகூடச் சுட்டதில்லை, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, இவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். ஸ்டிக்கர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “பழுப்பு பூட்ஸ் டப்பாவில்தானே அப்பா?” அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவரை நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வில், பிள்ளைக்கு இடம் தெரியாது என்று உறுதியாகச் சொன்ன பெற்றோர்களில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகளுக்கு இடம் தெரிந்திருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கேபிள் பூட்டை எடுத்துக் கொடுத்தேன். பல ஊர்களில் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் தனியாகப் பூட்டி வைக்கச் சொன்னேன்.

சரிபார்ப்புக் கணக்கு ஏறுவதற்கும் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சாண்டி ஹூக்குக்குப் பிந்தைய மாதங்களை ஆராய்ந்த இரண்டு பொருளாதார அறிஞர்களின் கணக்கைச் சொல்வேன். அந்தப் பயத்தில் வழக்கத்தைவிட 30 லட்சம் துப்பாக்கிகள் கூடுதலாக விற்றன. அதே மாதங்களில் தவறுதலாகச் சுட்டு இறந்தவர்கள் வழக்கத்தைவிட ஏறக்குறைய 60 பேர் கூடுதல், அவர்களில் சுமார் 20 பேர் குழந்தைகள். 2020இலிருந்து, 1 முதல் 19 வயது வரையானவர்கள் சாவதற்கு அமெரிக்காவில் முதல் காரணம் துப்பாக்கிதான். கார் விபத்தையும் தாண்டிவிட்டது. எல்லா வயதையும் சேர்த்தால் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் மனம் உடைந்த பதின்வயதுப் பிள்ளை இருக்கும்போது பூட்டு என்பது சின்ன விஷயமே இல்லை. தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் கடந்துவிட்டால் பெரும்பாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு யாரும் கூப்பிடலாம்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் இதைப் பற்றிப் பேசியபோது ஓர் அம்மா எழுந்து, “நம்ம வீட்டுலதான் துப்பாக்கியே இல்லையே அக்கா, நாம எதுக்குக் கவலைப்படணும்?” என்றார். உங்கள் பையன் சனிக்கிழமை விளையாடப் போகிற வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். தெரியாது என்றார். கேட்டால் தப்பாக நினைப்பார்களே என்றார். வேர்க்கடலை ஒவ்வாமை பற்றித் தயங்காமல் சொல்கிறோம், வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்கிறோம், அதே மூச்சில் இதையும் கேட்டுவிடுங்கள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. ‘கேட்டுட்டேன் அக்கா. ரெண்டு இருக்காம், இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டி இருக்காங்களாம். அவங்க தப்பா எடுத்துக்கல. உங்க வீட்டுல இருக்கான்னு என்கிட்டயும் கேட்டாங்க.’